சர்வருக்கு ஞாபகம் தப்பினால்...

மயிலாப்பூர்க்காரர்களிடம் "சர்வர்" என்று சொன்னால், சில வருஷங்களுக்கு முன்பு வரை ஒரே ஓர் உருவந்தான் மனக்கண் முன் வந்து நிற்கும். தோளிலே துண்டு, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடுக்கிய தட்டுகள். நாலு மேஜைகளில் உட்கார்ந்திருக்கும் பதினாறு பேர் சொன்னதையும் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் வாங்கிக்கொண்டு, "ரெண்டு பிளேட் இட்லி, ஒரு ரவா வெங்காயம் இல்லாமே, காபி மூணு, அதிலே ஒண்ணு சர்க்கரை கம்மி!" என்று உள்ளே குரல் கொடுக்கிற மகானுபாவர். அவருடைய ஞாபகசக்தியைக் கண்டு அஷ்டாவதானிகளே வெட்கப்பட வேண்டும்.

இன்றைக்கு அதே மயிலாப்பூரிலும், மந்தைவெளியிலும், மாம்பலத்திலும், அடையாற்றிலும் இன்னொரு சர்வரைப் பற்றித்தான் வீட்டுக்கு வீடு பேச்சு. ராத்திரி இரண்டு மணிக்கு டெலிபோன் மணி அடிக்கிறது. பகலெல்லாம் மத்திய கைலாஷைத் தாண்டிப் பழைய மகாபலிபுரம் சாலையில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து அயர்ந்து தூங்குகிற பிள்ளை, அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து மடிக் கணினியைத் திறக்கிறான்.

"என்னடா அது, இந்நேரத்துக்கு?" என்கிறாள் அம்மா.

"சர்வர் விழுந்துடுத்தும்மா."

"ஐயையோ! அடி கிடி பட்டுதாடா?"

சிரிக்க வேண்டாம், வாசகர்களே. பெரிய பெரிய நிபுணர்கள்கூடக் கேட்க மறந்துவிடுகிற கேள்விக்கு அந்த அம்மாள் மிகவும் பக்கத்தில் வந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி: "தள்ளி விட்டது யாருடா?" சர்வர் மெமரி இல்லாமல் விழுகிறபோது, விழுந்தவன் ஒருவன், தள்ளியவன் வேறொருவன் என்பதுதான் பெரும்பாலும் கதை. விழுந்தவன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் திரும்பப் படுத்துக்கொண்டால், மறுநாள் ராத்திரியும் அதே இரண்டு மணிக்கு மணி அடிக்கும்.

இந்த மெமரி சமாசாரம் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உக்கிராண அறையில் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஆனால் சமையற்காரர் வேலை செய்வதெல்லாம் அடுப்புக்குப் பக்கத்திலுள்ள மேடையில்தான். கைக்கு எட்டுகிற இடத்தில் எது இருக்கிறதோ அதைக் கொண்டுதான் சமையல் நடக்கும். யந்திரத்தின் டிஸ்க், உக்கிராணம். மெமரி, மேடை. உக்கிராணத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் கட்டிவிடலாம். மேடை மட்டும் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

எத்தனை சின்னது என்று கேட்டால், அது காலத்தைப் பொறுத்தது. அடையாற்று ஐ.ஐ.டி.யில் 1973-ஆம் வருஷம் ஐ.பி.எம். 370/155 என்ற கம்ப்யூட்டரை நிறுவினார்கள். அந்த மாடலில் வைக்கக்கூடிய அதிகபட்ச மெமரியே 2 மெகாபைட்தான். இன்றைக்கு உங்கள் வீட்டுப் பெண் கையில் வைத்திருக்கும் டெலிபோனில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கிறது. மேடை பெரிதாக ஆக, பாத்திரங்களும் பெரிதாகிக்கொண்டே வந்துவிட்டன என்பதுதான் கஷ்டம்.

இப்போது தியாகராய நகருக்கு வருவோம். பாண்டி பஜார்ப் பக்கம் ஒரு ஜவுளிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடை கற்பனை, ஆனால் அதற்கு நான் கொடுக்கப்போகிற வியாதி கற்பனையல்ல. கடைக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. அதை நடத்துவது 4 ஜிகாபைட், அதாவது சுமார் 4,000 மெகாபைட் மெமரி உள்ள ஒரு லினக்ஸ் யந்திரம். வருகிறவர்களை வரவேற்றுப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அப்பாச்சி என்கிற வெப் சர்வர். 1995-ல் பிறந்து இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிற பழைய ஆசாமி. விலை, சரக்கு இருப்பு முதலிய கணக்குகளை வைத்திருப்பது ஒரு டேட்டாபேஸ்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. தினம் சாயங்காலம் ஏழரை மணி சுமாருக்கு வெப்சைட் படுத்துவிடுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் டேட்டாபேஸ் செத்துக் கிடக்கிறது. மறுபடி எழுப்பிவிடுகிறார்கள், அரை மணி நேரத்தில் மறுபடியும் படுக்கிறது. முதலாளிக்குக் கோபம். டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் சரக்குத்தானே அம்மா தினம் விழுகிறது? தீபாவளி முடிந்ததும் நீ வேறு இடம் பார்த்துக்கொள்" என்கிறார். நியாயமான பேச்சு மாதிரிதான் இருக்கிறது. கண்ணெதிரே விழுந்து கிடப்பது அவளுடைய டேட்டாபேஸ்தானே!

இந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்காக நாம் வக்கீலாக ஆஜராக வேண்டியிருக்கிறது.

மேடையில் இடமே இல்லாமற் போனால் லினக்ஸ் என்ன செய்யும்? முதலில், உடனே தேவைப்படாத பாத்திரங்களை உக்கிராணத்துக்கு அனுப்பும். இதற்கு ஸ்வாப் என்று பெயர். கொஞ்சம் போல அனுப்பினால் பாதகமில்லை. ஆனால் அனுப்பின பாத்திரம் அடுத்த நிமிஷமே வேண்டியிருக்கிறது. அதை வாங்கி வைக்க இன்னொன்றை அனுப்ப வேண்டும். அதுவும் உடனே வேண்டும் என்று ஆகிவிட்டால், சமையற்காரர் கரண்டியைத் தொடவே நேரமில்லாமல் மேடைக்கும் உக்கிராணத்துக்குமாக ஓடிக்கொண்டே இருப்பார். இந்த அவஸ்தைக்குத் திராஷிங் என்று பெயர். அது ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்று பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்கர் 1968-லேயே அலசி எழுதிவிட்டார்.

அதற்கும் மேலே போனால்தான் ஆபத்து. லினக்ஸுக்குள் ஓர் அதிகாரி இருக்கிறார். "அவுட் ஆஃப் மெமரி கில்லர்" என்பது அவர் பட்டம். மேடை முழுக்க நிரம்பி, ஒரு கிண்ணம் வைக்கக்கூட இடமில்லை என்கிற நிலைமையில்தான் அவர் வருவார். வந்து விசாரணை ஏதும் செய்யமாட்டார். மேடையில் இருப்பதிலேயே பெரிய பாத்திரம் எது என்று பார்த்து, அதைத் தூக்கி வெளியே வீசிவிட்டுப் போய்விடுவார். மேடையிலே பெரியது எது? சாம்பார் அண்டா. இருநூறு எச்சில் டம்ளர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தாலும், ஒவ்வொரு டம்ளரும் சின்னதுதானே. அதனால் அவை தப்பித்துக்கொள்ளும். அண்டா போய்விடும். நமது ஜவுளிக் கடையில் அண்டா எது என்று சொல்லவேண்டியதில்லை. டேட்டாபேஸ்தான்.

ஆகையால் சர்வர் விழுந்ததும் முதலில் பார்க்கவேண்டியது கெர்னலின் குறிப்பேட்டை. "அவுட் ஆஃப் மெமரி, இன்ன நம்பர் பிராசஸைக் கொன்றேன்" என்று அந்த அதிகாரி தம் கைப்பட எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். அந்த வரி இருந்தால் டேட்டாபேஸ் தானாகச் சாகவில்லை, கொல்லப்பட்டது என்று தெரிந்துவிடும். அதே இடத்தில், அந்தச் சமயத்தில் மேடையில் யார் யார் எவ்வளவு இடம் பிடித்திருந்தார்கள் என்கிற ஜாபிதாவும் இருக்கும். மரண அறிவிப்பை எல்லாரும் படிக்கிறார்கள்; ஜாபிதாவைப் படிப்பவர்கள்தான் குறைவு.

(சிலர் சாமர்த்தியமாக, "டேட்டாபேஸை மட்டும் தொடாதே" என்று அந்த அதிகாரிக்குச் சிபார்சுச் சீட்டு எழுதி வைப்பதுண்டு. அதற்கும் வழி இருக்கிறது. அப்போது அவர் அடுத்த பெரிய பாத்திரத்தை வீசுவார். அவ்வளவுதான்.)

சரி, டம்ளர்களை எண்ணுவோம். பழைய பாணியில் நடக்கும் அப்பாச்சி, வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் ஆளை நியமிக்கும். ஒரே சமயத்தில் எத்தனை ஆட்கள் வரை என்பதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. யாரும் மாற்றாமல் விட்டால் அது 256. ஓர் ஆளுக்கு 50 மெகாபைட் என்று வைத்தால், 256 பேருக்கு 12,800 மெகாபைட். யந்திரத்தில் இருப்பதோ 4,000! நாற்பது இலை போடக்கூடிய கூடத்துக்கு நூற்றிருபத்தெட்டுப் பேரைப் பந்திக்குக் கூப்பிட்ட கதைதான். டேட்டாபேஸுக்கு 1,000, லினக்ஸுக்கு 500 என்று ஒதுக்கினால் மிச்சம் 2,500. ஓர் ஆளுக்கு 50 வீதம் வகுத்தால் 50 ஆட்கள். ஆகவே அந்த எண்ணிக்கையை 50 என்று எழுதிவிட வேண்டும். ஐம்பத்தோராவது ஆள் வாசலில் கொஞ்சம் நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட வீதிப் பக்கத்து மெஸ் வாசலில் நாம் நிற்கவில்லையா? உள்ளே எல்லாரையும் விட்டு ஒருவருக்கும் இட்லி கிடைக்காமற் போவதைவிட இது எவ்வளவோ மேல். பிளஸ் டூ முடிவு வருகிற காலையில் ஏழெட்டு லட்சம் குடும்பங்கள் ஒரே நிமிஷத்தில் கதவைத் தட்டுகின்றனவே, அங்கேயும் இந்த வாசல் கணக்கு மிகவும் முக்கியம்.

நமது கடையில் 50 என்று எழுதியும் வியாதி தீரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் நிஜமான துப்பறிதல் ஆரம்பமாகிறது. ஆளுக்கு 50 மெகாபைட் என்று நாம் போட்டது மத்தியான வேளையில் அளந்த கணக்கு. சாயங்காலம் ஏழரைக்கு அளந்து பார்த்தால் ஓர் ஆளுக்குக் கிட்டத்தட்ட 100! ஏன்? தீபாவளிக்கென்று புதிதாக வந்த புடவைகளையெல்லாம் கடைப் பையன் டெலிபோனில் படம் பிடித்து அப்படியே ஏற்றியிருக்கிறான். பைலாகப் பார்த்தால் ஒரு படம் மூன்று, நாலு மெகாபைட்தான். ஆனால் அது சுருட்டி மடித்து வைத்த அளவு. விரித்தால் வேறு. குறுக்கே 4,000 புள்ளி, நெடுக்கே 3,000 புள்ளி. மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட். அடையாற்றில் 1973-ல் வந்ததே, அந்த மாடல் யந்திரம் இருபத்து நாலைச் சேர்த்தால்தான் ஒரே ஒரு காஞ்சீபுரம் புடவையை விரித்துக் காட்ட முடியும்!

யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், சின்னப் படம் ஒன்று செய்வதற்காகச் சர்வர் பெரிய படத்தை முழுக்க விரித்திருக்கிறது. ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்த பெண்மணிகள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு புடவை பார்க்க உட்காரும் நேரம் ஏழரை. நாற்பது பேர் ஒரே சமயத்தில் பார்த்தால் நாற்பதை நூறால் பெருக்க, 4,000. அதற்கு மேல் டேட்டாபேஸும் லினக்ஸும். அதிகாரி வருவார், அண்டா பறக்கும். இதிலே வேடிக்கை என்னவென்றால், தனித்தனியே பார்த்தால் ஒருவரும் விதியை மீறவில்லை. பி.எச்.பி. என்ற மொழியில் ஓர் ஆளுக்கு வழக்கமான உச்சவரம்பு 128 மெகாபைட். நூறு என்பது அதற்கு உள்ளேதான்.

பரிகாரம் என்ன? படத்தை ஏற்றும்போதே ஒரு தடவை சின்னதாக்கி உக்கிராணத்தில் வைத்துவிடுவது. பைசாச் செலவில்லை. ஆனால் முதலாளி ஏற்கனவே மெமரியை இரட்டிப்பாக்க ஆர்டர் கொடுத்திருப்பார். அது வந்தால் தீபாவளி வரை தாங்கும். பொங்கலுக்கு மறுபடியும் அந்தப் பெண்ணைக் கூப்பிடுவார்கள்.

இன்னொரு சங்கதியையும் சொல்லவேண்டும். பலர் வீணாகக் கலங்கிப்போவது இதில்தான். "ஃப்ரீ" என்று ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டால் காலி மெமரி எவ்வளவு என்று காட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற சர்வரிலேகூட அந்த இடத்தில் மிகச் சொற்பமான எண்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் பையனுக்கு வயிற்றைக் கலக்கும். கலங்க வேண்டியதில்லை. மேடையில் இடம் சும்மா கிடக்கிறதே என்று சமையற்காரர் உப்பு ஜாடி, புளிப் பானையை எல்லாம் கைக்கு எட்டுகிறாற்போல் எடுத்து வைத்திருக்கிறார். வேறு வேலை வந்தால் ஒரு நொடியில் நகர்த்திவிடுவார். லினக்ஸும் டிஸ்கிலிருந்து படித்ததையெல்லாம் காலி இடத்தில் வைத்துக்கொள்ளும். ஆகவே "ஃப்ரீ" என்ற எண்ணை விட்டுவிட்டு, பக்கத்திலே "அவைலபிள்" என்று இருப்பதைப் பார்க்கவேண்டும். இந்தக் கணக்கையே 2014-ல்தான் லினக்ஸ் கெர்னலில் சேர்த்தார்கள். அதற்கு முன் எத்தனை பேர் தூக்கம் கெட்டதோ!

இதுவரை சொன்னது கூட்டத்தால் வருகிற கஷ்டம். கூட்டம் கலைந்தால் மெமரியும் அதற்குமேல் ஏறாது. கூட்டமே இல்லாத விடியற்காலை மூன்று மணிக்கும், நேற்றைவிட இன்று, இன்றைவிட நாளை என்று ஏறிக்கொண்டே போனால், அது வேறு வியாதி. மெமரி லீக் என்பார்கள். வேலைக்காக ஒரு கிண்ணத்தை மேடையில் எடுத்து வைத்த ஆசாமி, வேலை முடிந்ததும் அதை எடுக்காமலே போய்விடுகிறான். ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணம். ஒரு நாளில் தெரியாது. ஒரு வாரத்திலும் தெரியாது.

லண்டன் நகரத்துக்கு அது மூன்று வாரத்தில் தெரிந்தது. 1992-ல் அங்கே ஆம்புலன்ஸ்களை அனுப்பும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 26-ந் தேதி பெரிய குழப்பம் ஏற்பட்டது. அதற்குக் காரணங்கள் வேறு. நான் சொல்லவந்தது நவம்பர் 4-ந் தேதி சம்பவத்தை. விடியற்காலை இரண்டு மணிக்குமேல் யந்திரம் மந்தமாகி, பிறகு அசையாமல் நின்றுவிட்டது. திரும்பத் துவக்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. மாற்று யந்திரம் தானாக வேலையை ஏற்றுக்கொள்ளும் என்றிருந்தது. அதுவும் கை கொடுக்கவில்லை. "ஆம்புலன்ஸ் அனுப்புங்கள்" என்று ஜனங்கள் டெலிபோன் செய்துகொண்டிருக்க, ஊழியர்கள் காகிதத்தையும் பென்ஸிலையும் எடுத்துக்கொண்டு பழைய முறைக்கே திரும்பினார்கள்.

விசாரணை அறிக்கை 1993-ல் வெளியாயிற்று. மூன்று வாரத்துக்கு முன் ஏதோ வேலை செய்த புரோகிராம்காரர், தேவையில்லாத ஒரு துண்டுக் கட்டளையை எடுக்காமல் விட்டுவிட்டிருந்தார். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் கிளம்பும்போதும் அது பைல் சர்வரின் மெமரியில் ஒரு துளியை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. நினைத்துப் பாருங்கள்: உயிரைக் காப்பாற்ற ஓடிய ஒவ்வொரு வண்டியும் தன்னை அனுப்பிய யந்திரத்தின் உயிரில் ஒரு துளியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது! வழக்கமான சோதனைகளில் இது அகப்பட்டிருக்காது என்று அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார்கள். அரை மணி நேரச் சோதனையில் எத்தனை துளி சேரும்?

நம்மூரில் இதற்கு ஒரு கை வைத்தியம் நடக்கிறது. தினம் விடியற்காலை சர்வரைத் தானாகவே ரீஸ்டார்ட் செய்துவிடுவது. மேடையை அலம்பிவிட்டு மறுபடி ஆரம்பிப்பது போல. அப்பாச்சியிலேயே, "ஓர் ஆள் இத்தனை பேருக்குப் பரிமாறியதும் ஓய்வு பெறட்டும்" என்று எழுதிவைக்கவும் வழி இருக்கிறது. அவசரத்துக்கு இவை இரண்டும் நல்லவையே. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மருந்து கொடுத்த தேதியையும், கொடுக்கும் முன் இருந்த மெமரி அளவையும் குறித்து வைக்காவிட்டால், கிண்ணத்தை விட்டுவிட்டுப் போகிறவன் யார் என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

அப்படியானால் தினம் யந்திரத்தின் மொத்த மெமரியைக் குறித்துக்கொண்டே வந்தால் போதுமல்லவா என்று கேட்பீர்கள். போதாது. உலகத்து வெப்சைட்டுகள் பலவற்றுக்கு இடம் வாடகைக்கு விடுகிற அமெஸான் கம்பெனியே இதில் மாட்டிக்கொண்டது. 2012 அக்டோபர் 22-ந் தேதி, அமெரிக்காவில் வர்ஜீனியாவிலுள்ள அவர்களுடைய யந்திரங்கள் தடுமாறி, ரெட்டிட், பின்டரெஸ்ட் முதலிய பிரபல வெப்சைட்டுகள் படுத்தன. அதற்குச் சில நாள் முன்னால், புள்ளிவிவரம் சேகரிக்கிற ஒரு சர்வர் பழுதாகி, அதற்குப் பதில் வேறொன்றை வைத்திருந்தார்கள். புது விலாசம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. விலாசம் தெரியாத யந்திரங்களில் இருந்த ஒரு குட்டிப் புரோகிராம், பழைய விலாசத்தையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை தட்டித் தோற்கும்போதும் கொஞ்சம் மெமரியை விழுங்கிற்று. புள்ளிவிவரம் வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அத்தனை அற்பமான வேலை அது. அந்த அற்பன்தான் மெமரியையெல்லாம் தின்று, நிஜமான வேலை பார்க்கிறவர்களை மூச்சுத் திணற வைத்தவன்!

ஒவ்வொரு யந்திரத்திலும் மொத்த மெமரியை அவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த யந்திரங்கள் வேலைக்குத் தக்கபடி மெமரியை வாங்குவதும் விடுவதுமாக இருப்பவை. அதனால் மொத்தம் ஏறுவதைப் பார்த்து எந்த இடத்தில் மணி அடிப்பது என்று தீர்மானிக்க முடியவில்லை. பிற்பாடு அமெஸான் அறிவித்த திருத்தங்களில் இரண்டு, நமது பாண்டி பஜார் முதலாளிக்கும் உபயோகமானவை. இனி ஒவ்வொரு பிராசஸும் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று தனித்தனியே கவனித்து மணி அடிப்பது என்பது ஒன்று. முக்கியமில்லாத வேலைக்காரர்களுக்கு இவ்வளவுக்குமேல் இடம் கிடையாது என்று கோடு போட்டுவிடுவது மற்றொன்று.

நமது கடையிலும் அந்த ஜாபிதாவை எடுத்து வைத்துக்கொண்டு, படம் விரித்த ஆட்களை ஒவ்வொன்றாகக் காட்டினால் முதலாளி ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். இனி டேட்டாபேஸ் பெண் தன் வேலையைப் பார்க்கலாம். அவளுக்கு வேலை நிறையவே இருக்கிறது. அண்டாவைத் தூக்கி வீசின அந்த நொடியில், பணம் கட்டிவிட்டுப் புடவைக்குக் காத்திருந்த வாடிக்கைக்காரர்களின் கணக்கு எந்த நிலையில் நின்றது என்று அவள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அது தனிக் கதை, அடுத்த வாரம்.